பெக்கொமன்: கடிதம் கிடைக்கும், பால் ஒத்துக்கொள்ளும்

ஜெர்மன் படிக்கத் தொடங்கியதும் எதிர்ப்படும் வினைச்சொற்களில் ஒன்று 'பெக்கொமன்'. முதலெழுத்தை 'பஸ்'ஸில் வரும் ப போலச் சொல்ல வேண்டும். பொருள்: பெறுதல், கிடைத்தல். இதில் ஆங்கிலம் ஒரு பக்கம் இழுக்கும், தமிழே இன்னொரு பக்கம் இழுக்கும்.

ஆங்கிலத்தின் 'பிகம்' இதற்கு உடன்பிறப்பு. 'கொமன்' என்றால் வருதல். முன்னொட்டு சேர்ந்ததும் 'வந்து சேர்தல்'. ஆங்கிலத்தில் ஒரு நிலைக்கு வந்து சேர்வது 'ஆவது' ஆயிற்று. ஜெர்மனில் கைக்கு வந்து சேர்வது 'பெறுவது' ஆயிற்று. ஆகவே 'நான் டாக்டர் ஆவேன்' என்பதற்கு 'இஹ் வேர்ட ஆர்ட்ஸ்ட்' என்றே சொல்லுங்கள். 'ஆகு' என்பதற்கு அங்கே 'வேர்டன்' தனியாக இருக்கிறது.

ஆங்கிலம் தரும் இந்தக் குழப்பத்தைப் பாடநூல்களே எச்சரித்துவிடும். தமிழ் தருவதை யாரும் சொல்வதில்லை. நாம் 'எனக்குக் கடிதம் கிடைத்தது' என்போம். அந்த 'எனக்கு'வை அப்படியே கொண்டுபோய் 'டேர் ப்ரீஃப் பெக்கொம்ட் மியர்' என்றால், கடிதம் என் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று ஆகிவிடும்! பெறுபவர் எழுவாயாக நிற்க வேண்டும்: 'இஹ் பெக்கொம்ம ஐனன் ப்ரீஃப்'. கடிதத்துக்கு நம் 'ஐ' வேற்றுமை. ஜெர்மன் இலக்கணத்தில் அதுதான் 4-ஆம் வேற்றுமை. நம் 'கு' அங்கே 3-ஆவது. எண்ணை வைத்து மனப்பாடம் செய்தால் தலைகீழாகிவிடும்.

'மியர்' சரியாகப் பொருந்துவது சாப்பாட்டில்தான். பால் ஒத்துக்கொள்ளாதவர் 'மில்ஹ் பெக்கொம்ட் மியர் நிஹ்ட்' என்பார். 'எனக்குப் பால் ஆகாது' என்ற நம் வழக்கின் அச்சு அசல்.

இறந்தகாலத்திலும் இந்த இரண்டு பொருளும் பிரிந்தே நிற்கின்றன. பெற்றதற்குத் துணைவினை 'ஹாபன்': 'இஹ் ஹாப ஐனன் ப்ரீஃப் பெக்கொமன்'. ஒத்துக்கொண்டதற்கு 'ஸைன்' ('இஸ்ட்' அதன் வடிவம்): 'டாஸ் எஸ்ஸன் இஸ்ட் மியர் நிஹ்ட் பெக்கொமன்'. இறந்தகால வடிவத்தில் பல வினைகளுக்கு முன்னால் வரும் 'கெ' முன்னொட்டு இரண்டிலும் கிடையாது. 'கெபெக்கொமன்' என்று ஒரு சொல்லே இல்லை.

கடைக்காரர் 'வாஸ் பெக்கொமன் ஸீ?' என்றால் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்கிறார். 'இஹ் பெக்கொம்ம ஐனன் காஃபே' என்று பதில் சொன்னால் போதும், மரியாதைக் குறைவில்லை. நண்பர்களிடம் 'க்ரீகன்' என்றும் சொல்லலாம். அலுவலகக் கடிதத்தில் அது கொச்சையாகப் படும், 'எர்ஹால்டன்' எழுதுங்கள்.