“நீங்க விளையாடுங்க, நான் பார்க்கிறேன்”: வீட்டில் கூடி வீடியோ கேம் ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் நாங்கள் இருக்கும் வீட்டில் மாதத்தில் இரண்டு சனிக்கிழமையாவது ஏழெட்டுப் பேர் கூடிவிடுவோம். கரூர், தூத்துக்குடி, வேலூர் என்று ஊர் வேறு வேறு. எல்லோரும் வேலைக்காக இங்கே வந்தவர்கள். ஹாலில் ஒரு டிவி, அதில் மாட்டி ஆடும் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவி ஒன்று, பழைய லேப்டாப் ஒன்று, நாலு கண்ட்ரோலர். மூன்று வருடம் இப்படி ஆடியதில், ஒரு மாலை எதனால் கெட்டுப்போகிறது என்று எனக்கு ஓரளவு பிடிபட்டிருக்கிறது. கேம் மோசமாக இருந்து கெட்ட மாலை ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை.

ஒரு முறை நண்பனின் மனைவி வந்திருந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு முன் அவர் கண்ட்ரோலரைக் கையில் பிடித்ததே இல்லை. மாரியோ கார்ட் என்ற கார் பந்தய கேமைப் போட்டோம். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுத்தோம். “அக்கா, வலது பட்டனை விடாதீங்க”, “அது இல்லக்கா, பக்கத்துல இருக்கறது”, “திருப்புங்க, திருப்புங்க, ஐயோ!” இரண்டு ரேஸ் முடிந்ததும் கண்ட்ரோலரை சோபாவில் வைத்துவிட்டு, “நீங்க விளையாடுங்க தம்பி, நான் பார்க்கிறேன்” என்றார். அப்புறம் எழுந்து போய் எங்கள் அடுப்பில் எங்களுக்கே டீ போட ஆரம்பித்துவிட்டார். விருந்துக்கு வந்தவர். எனக்கு அது இன்றைக்கும் மனசில் உறுத்துகிறது.

“நான் பார்க்கிறேன்” என்ற சொல் ஒருவர் வாயிலிருந்து வந்துவிட்டால், அன்று முழுக்க அவர் மறுபடி ஆட வரமாட்டார். கீழே சொல்லப்போகிற தவறுகளில் பெரும்பாலானவை கடைசியில் அந்தச் சொல்லில்தான் போய் நிற்கின்றன.

முதல் தவறு, நன்றாக ஆடுகிறவர் தன் வேகத்துக்கே எல்லோரையும் இழுப்பது. மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் புதியவர்களுக்காகவே இரண்டு வசதிகள் இருக்கின்றன. வண்டி சாலையை விட்டுப் பள்ளத்தில் விழாமல் தானாகத் திருப்பிக்கொள்வது ஒன்று. பட்டனை அழுத்தாமலே வண்டி ஓடிக்கொண்டிருப்பது இன்னொன்று. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் ஒவ்வொருவரும் தனக்கு மட்டும் இவற்றைப் போட்டுக்கொள்ளலாம். அன்று அக்காவுக்கு இவற்றைப் போட்டுக் கொடுத்திருந்தால், திருப்புவதை மட்டும் பழகினால் போதும் என்று ஆகியிருக்கும். நாங்களோ எடுத்த எடுப்பில் 150 சிசி என்ற வேகமான நிலையில் ஓடவிட்டோம். மெதுவான 50 சிசியில் ஆரம்பிக்கிறதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. அந்த கேமே பின்தங்கியவர் பக்கம் சாய்கிறது: முதலில் போகிறவருக்கு நாணயமும் வாழைப்பழத்தோலும் கிடைக்கும், கடைசியில் வருகிறவருக்குத்தான் நட்சத்திரமும், பல பேரைத் தாண்டிக் கொண்டுபோய் விடுகிற புல்லட்டும் கிடைக்கும். ஆனால் அந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ள அவர் சாலையிலாவது இருக்க வேண்டும்.

வேண்டுமென்றே தோற்பதும் சரியான வழி இல்லை. எதிரில் இருப்பவர் விட்டுக்கொடுக்கிறார் என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்துவிடும்; தெரிந்த பிறகு ஜெயித்ததில் ருசி இருக்காது. தேர்ந்தவரையும் புதியவரையும் ஒரே அணியில் போடுங்கள். அல்லது தேர்ந்தவரின் திறமைக்கு வேலை இல்லாத கேமை எடுங்கள். 2016-இல் வந்த அல்டிமேட் சிக்கன் ஹார்ஸ் அப்படிப்பட்டது. ஒவ்வொரு ரவுண்டிலும் எல்லோரும் ஆளுக்கொரு பலகையோ பொறியோ வழியில் வைக்க வேண்டும். பிறகு அந்த வழியில் எல்லோரும் ஓட வேண்டும். எல்லோருமே முடிவிடத்தைத் தொட்டுவிட்டால் ‘ரொம்ப சுலபம்’ என்று யாருக்கும் மதிப்பெண் இல்லை. முதல் முறை ஆடுகிறவர் யோசிக்காமல் வைத்த ஒரு பொறியில், நூறு முறை ஆடியவர் போய் விழுவார். அந்த நொடியில் புதியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சொல்லிக்கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருவர் மட்டும்தான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் இரண்டு பட்டனுக்கு மேல் சொல்லக் கூடாது. மிச்சத்தைத் தானாகக் கண்டுபிடிக்கட்டும். எந்தக் காரணம் கொண்டும் “குடுங்க, நான் காட்டுறேன்” என்று கண்ட்ரோலரைக் கையிலிருந்து வாங்காதீர்கள். பாதி சாப்பாட்டில் இலையை இழுக்கிற மாதிரி அது.

அடுத்தது இந்த ஊருக்கே உரிய தவறு. பெங்களூரில் யாரும் சொன்ன நேரத்துக்குச் சேர்ந்து வருவதில்லை, வரவும் முடியாது. எலெக்ட்ரானிக் சிட்டியில் இருந்து ஒருவர் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டி வர வேண்டும், வொயிட்ஃபீல்டில் இருந்து ஒருவர் இரண்டு மெட்ரோ மாறி வர வேண்டும், மழை பிடித்துவிட்டால் எல்லாக் கணக்கும் போச்சு. ஆறு மணி என்று சொன்னால் ஆறரைக்கு ஒருவர், எட்டுக்கு இருவர், ஒன்பதுக்கு ஒருவர் என்றுதான் வந்து சேர்வார்கள். அப்படியிருக்க, ஆரம்பித்தால் நடுவில் ஆளைச் சேர்க்க முடியாத நீண்ட கேமை எடுப்பது பெரிய பிழை. 2021-இல் வந்த இட் டேக்ஸ் டூ எனக்கு உயிர். ஆனால் அது சரியாக இரண்டே பேருக்கான நீண்ட கதை. அதைப் போட்டுவிட்டு மற்ற ஐந்து பேரைப் பார்க்கவைப்பது நியாயமா? மாரியோ கார்ட்டில் நாலு ரேஸ் கொண்ட ஒரு கப் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தாமதமாக வந்தவர் செருப்பைக் கழற்றி, கை கால் கழுவி, தண்ணீர் குடித்துவிட்டு உட்காரும்போது அடுத்த கப்பில் இடம் இருக்கும்.

ஆள் கூடிவிட்டால் நாலு கண்ட்ரோலர் போதாது. அப்போதுதான் பலர் புதிதாக இன்னொரு கண்ட்ரோலர் வாங்க, எலெக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டுக்கு ஓடுகிறார்கள். அவசியமே இல்லை. ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக் வகை கேம்களில் அவரவர் கைப்பேசிதான் கண்ட்ரோலர். டிவியில் தெரியும் நாலு எழுத்துக் குறியை பிரவுசரில் போட்டால் உள்ளே வந்துவிடலாம். பல கேம்களில் எட்டுப் பேர் வரை ஆடலாம், அதற்கு மேல் வருகிறவர்கள் பார்வையாளராகச் சேர்ந்து ஓட்டுப் போடலாம். இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். கேள்விகள் ஆங்கிலத்தில் வரும், சிலவற்றில் அமெரிக்கச் சங்கதிகள் நிறைய இருக்கும். அதனால் பொது அறிவுக் கேள்வி கேட்கும் கேம்களை விட்டுவிட்டு, படம் வரைவது, வேடிக்கையான பதில் எழுதுவது மாதிரி கேம்களை எடுங்கள். கேள்வியை ஒருவர் உரக்கத் தமிழில் சொல்லிவிட்டால் சித்தப்பாகூட ஆடிவிடுவார். இரண்டாவது, இதற்கு இணையம் வேண்டும். கரண்ட் போனால் வைஃபை ரூட்டரும் போய்விடும். ரூட்டருக்கென்றே சின்ன யு.பி.எஸ். கிடைக்கிறது; அது இருந்தால் டிவி திரும்ப வரும்போது கைப்பேசிகள் இணைப்பிலேயே இருக்கும்.

மொழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் எப்போதும் ஒருவராவது கன்னடக்காரர் இருப்பார். ஓவர்குக்ட் மாதிரி கேமில் பேச்சுதான் பாதி ஆட்டம். நாலு பேர் ஒரு சமையலறையில் நிற்க வேண்டும். ஒருவர் வெங்காயம் நறுக்க, ஒருவர் அடுப்பைப் பார்க்க, ஒருவர் தட்டில் எடுத்துவைக்க, ஒருவர் பாத்திரம் கழுவ, எல்லாம் சில நிமிடத்தில். யாரும் பார்க்காமல் விட்டால் சட்டி தீப்பிடிக்கும். சூடு ஏற ஏற நாங்கள் மூன்று பேர் தமிழில் கத்துவோம். கூட ஆடும் அந்தக் கன்னட நண்பர் கையில் தட்டோடு எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார். அவர் ஊரில் உட்கார்ந்துகொண்டு அவரையே வெளியாள் ஆக்கிவிட்டோம் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. இப்போது ஆட்டம் தொடங்கும் முன் ஐந்தாறு சொற்களைப் பேசி வைத்துக்கொள்கிறோம். வெங்காயம் ‘ஈருள்ளி’, அரிசி ‘அக்கி’, தட்டு ‘தட்டே’, சீக்கிரம் ‘பேகா’. “பேகா பேகா தட்டே!” என்று தூத்துக்குடிக்காரன் கத்துவதும், பதிலுக்கு அவர் “வச்சாச்சு மச்சான்!” என்பதும்தான் இப்போது எங்கள் வீட்டு ஆட்டத்தின் சத்தம்.

அதே கேமில் இன்னொரு தவறும் நடக்கும். ஒருவர் தலைமைச் சமையல்காரர் ஆகி எல்லோரையும் ஏவ ஆரம்பித்துவிடுவார். அலுவலகத்தில் வாரம் முழுக்க ஏவல் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு சனிக்கிழமையும் அதே என்றால் எப்படி? நன்றாக ஆடுகிறவரைப் பாத்திரம் கழுவ நிறுத்துங்கள். அங்கே வேலை ஓயாது, ஏவவும் நேரம் இருக்காது. புதியவருக்கு நறுக்கும் வேலை கொடுங்கள். அது ஒரு பட்டன்.

டிவியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இது யாருக்கும் தெரியாமலே ஆட்டத்தைக் கெடுக்கிறது. படத்தை மெருகேற்ற டிவி தனக்குள் செய்யும் வேலைகளுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். படம் பார்க்கையில் அது தெரியாது. கேமில் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் குதிப்பதற்கும் இடையில் அந்த நேரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். நொடிக்கு 60 முறை படம் மாறும் கேமில் ஒரு படத்துக்கு 17 மில்லி நொடிகூட இல்லை. டிவி 100 மில்லி நொடி தாமதித்தால் ஆறு படம் பின்னால் ஆடுகிறீர்கள் என்று அர்த்தம். பழகியவர் ‘லேக் அடிக்குது’ என்று சொல்லிவிடுவார். புதியவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார். செட்டிங்ஸில் ‘கேம் மோடு’ என்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். புளூடூத் ஸ்பீக்கரையும் எடுத்துவிடுங்கள், ஓசை பிந்தி வரும்.

கேம் அப்டேட்டை முதல் நாள் இரவே முடித்துவிட வேண்டும். ஆட்கள் வந்தபின் திரையில் பச்சைக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் உற்சாகம் வடிந்துவிடும். ஸ்விட்சின் கண்ட்ரோலரான ஜாய்-கான் முழுதாகச் சார்ஜ் ஏற மூன்றரை மணி நேரம் ஆகும், மதியமே சொருகிவிடுங்கள். தின்பண்டத்தில் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. பக்கத்தில் ஈரத்துணி ஒன்று இருந்தால் போதும்.

இடத்தைக் கவனிக்காமல் விடுவதும் ஆபத்து. கையை வீசி ஆடும் கேம்களில் மணிக்கட்டுப் பட்டையை மாட்டாமல் ஆடவே கூடாது. 2006-இல் நிண்டெண்டோவின் வீ (Wii) என்ற கேம் கருவி வந்தபோது கண்ட்ரோலர்கள் கையை விட்டுப் பறந்து, அந்த டிசம்பரிலேயே அந்த நிறுவனம் சுமார் 32 லட்சம் பட்டைகளை உறுதியானதாக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முன்பு, 1998-இல் வந்த முதல் மாரியோ பார்ட்டியில் ஸ்டிக்கை வேகமாகச் சுழற்றச் சொல்வார்கள். பலர் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துக் கையில் கொப்புளம் வந்து, 2000-இல் அமெரிக்காவில் கையுறை கொடுக்க நிண்டெண்டோ ஒப்புக்கொண்டது. நம் வீடுகளில் ஹால் சின்னது. டீப்பாயை நகர்த்துங்கள், டிவியிலிருந்து நன்றாகத் தள்ளி நில்லுங்கள், குழந்தைகள் குறுக்கே ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நேரம். இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சாதாரணப் பேச்சே அதைத் தாண்டிவிடும். நாலு பேர் ஓவர்குக்ட் ஆடினால் கேட்கவே வேண்டாம். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. அதனால் பத்து மணிக்கு டிவி ஓசையைக் குறைத்துவிட்டு நாங்கள் எடுப்பது கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ். 2015-இல் வந்த கேம். ஒரு லேப்டாப், ஒரு பிரதி போதும். ஒருவர் மட்டும் திரையில் குண்டைப் பார்ப்பார், மற்றவர்களுக்குத் திரை தெரியக் கூடாது. அவர்கள் கையில் குண்டைச் செயலிழக்கச் செய்யும் கையேடு. இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்குள் பேசியே முடிக்க வேண்டும். கண்ட்ரோலர் வேண்டாம், வேகமான விரல் வேண்டாம். பொறுமையாகப் படித்து, தெளிவாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

டீ போடப் போன அக்கா நாலு மாதம் கழித்து மறுபடி வந்தார். அவர் பள்ளியில் கணக்கு டீச்சர். இந்த முறை கண்ட்ரோலரை நீட்டவில்லை, கையேட்டைக் கொடுத்தோம். முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் புரட்டினார். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த என்னிடம் நாலு வயர் இருந்தது, அதில் இரண்டு சிவப்பு, நேரம் ஓடிக்கொண்டிருந்தது. எதை வெட்டுவது என்று நான் பதற, அவர் கையேட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: “இருங்க தம்பி. சீரியல் நம்பரோட கடைசி எண் என்ன, ஒற்றைப்படையா, இரட்டைப்படையா?”