வல்லரசுகளின் ஒத்துழைப்பைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் உயர்தர மாணவருக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து வருகிறேன். சர்வதேச உறவுகள் பற்றிய அலகைத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை எழுந்து, "சேர், அமெரிக்காவும் சீனாவும் எதிரிகள் என்றால் பிறகு ஏன் கைகுலுக்கிப் பேசுகிறார்கள்?" என்று கேட்கும். கேள்வியில் பிழையில்லை. அதற்கு விடையாக நாம் சொல்லிப் பழகிய சில வாசகங்களில்தான் பிழை இருக்கிறது. அவை விடைத்தாள்களில் மட்டுமன்றிப் பத்திரிகைப் பத்திகளிலும் தேநீர்க்கடைப் பேச்சிலும் இடம்பெறுவதால், வல்லரசுகள் நெருங்கி வருகின்றன என்ற செய்தி வரும்போதெல்லாம் அதைத் தவறாக எடைபோட்டு விடுகிறோம்.

எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் தவறு, ஒத்துழைப்பை நட்பு என்று எண்ணுவது. அமெரிக்க அறிஞர் ரொபேர்ட் கோஹேன் 1984இல் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். இரு தரப்பின் நலன்களும் தாமாகவே ஒத்துப்போனால் அது இசைவு. அங்கே ஒத்துழைப்புக்குத் தேவையே எழுவதில்லை. நலன்கள் மோதும்போது, மோதலை அறிந்தே இரு தரப்பும் தத்தம் நடத்தையைச் சற்று மாற்றிக்கொள்வதைத்தான் அவர் ஒத்துழைப்பு என்றார். இதை நான் வகுப்பில் உன்னிச்சைக் குளத்தை வைத்தே விளக்குவேன். குளம் நிறைந்து வான் பாயும் ஆண்டில் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், யாரும் தண்ணீர் முறை பற்றிப் பேசுவதில்லை. சிறுபோகத்தில் நீர்மட்டம் இறங்கும்போதுதான் ஆரம்பக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் செய்கை பண்ணலாம் என்று வாதாடுகிறார்கள், எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் என்று முறை வைக்கிறார்கள், வயல்நீரைப் பங்கிடப் பொறுப்பான வட்டைவிதானை டோர்ச்சை எடுத்துக்கொண்டு இரவிலும் மடை பார்த்து வருகிறார். ஓர் ஊரில் முறை வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், அங்கே தண்ணீர் போதவில்லை என்பதையும், தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒருவரையொருவர் கண்காணிக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டும்.

பனிப்போர்க் காலத்தை இந்தக் கண்ணால் பார்த்தால் பல புதிர்கள் அவிழும். 1962 ஒக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி உலகை அணுவாயுதப் போரின் வாசலுக்குக் கொண்டுபோனது. மறு ஆண்டிலேயே வாஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்கும் இடையே நேரடித் தொடர்பு இணைப்பு ஏற்படுத்தப்பட்டதும், வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுவாயுதச் சோதனை நடத்துவதைத் தடுக்கும் உடன்படிக்கை கையெழுத்தானதும் அந்தப் பயத்தின் விளைவே. பெரியம்மை ஒழிப்பு இன்னும் வலிய சான்று. 1958இல் உலக சுகாதாரப் பேரவையில் அந்த யோசனையை முன்வைத்தவர் சோவியத் மருத்துவர் விக்டர் ஸ்தானவ். 1967இல் தீவிரப்படுத்தப்பட்ட திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அமெரிக்கரான டொனால்ட் ஹென்டர்சன். தடுப்பு மருந்தின் பெரும் பங்கைக் கொடுத்தது சோவியத் யூனியன். வியட்நாமில் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு ஆயுதம் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் இது நடந்தது. 1980இல் நோய் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டபோதும் இரு வல்லரசுகளும் எதிரிகளாகவே இருந்தன.

அடுத்த தவறுக்கு நம் மொழியே ஓரளவு காரணம். உலக அரசியலின் அடிப்படை நிலையை 'அராஜகம்' என்று பாடநூல்கள் மொழிபெயர்க்கின்றன. நம் பேச்சில் அராஜகம் என்றால் அடாவடி, கொள்ளை, கேட்பாரற்ற அட்டூழியம். ஆகவே மாணவர், உலகம் குழப்பக்காடு என்றும், அங்கே ஒழுங்குக்கோ ஒத்துழைப்புக்கோ இடமில்லை என்றும் எழுதிவிடுகிறார்கள். கோட்பாட்டில் அந்தச் சொல்லுக்கு வேர்ப்பொருள் மட்டுமே உண்டு: அரசன் இல்லாத நிலை. அரசுகளுக்கு மேலே கட்டளையிட்டு நிறைவேற்றும் அதிகாரம் எதுவும் இல்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. தபால் பரிமாற்றமும் விமானப் பாதைகளும் தூதரக விலக்குரிமைகளும் இந்த அரசனில்லா நிலையில்தான் நாள்தோறும் ஒழுங்காக நடக்கின்றன. 'மேலதிகாரமின்மை' என்று எழுதும்படி நான் பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. சொல் சற்று நீளம், ஆனால் பிழையான படத்தை மனத்தில் வரையாது.

மேலதிகாரம் இல்லாத இடத்தில் ஒத்துழைப்பு எப்படி முளைக்கும் என்று கேட்பவருக்கு அம்பாறையில் ஓர் உதாரணம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் பல மடைக்கதவுகள் பழுதாகிக் கிடந்தன, கடைப்பகுதிக்குத் தண்ணீர் போய்ச் சேருவதே அரிதாக இருந்தது. தலைப்பகுதியில் சிங்களக் குடியேற்றவாசிகளும் கடைப்பகுதியில் தமிழ் விவசாயிகளும் இருந்த அந்த வாய்க்கால்களில், சிறு சிறு குழுக்களாக விவசாயிகளை ஒழுங்கமைத்தபோது, அவர்கள் தாமே வாய்க்காலைத் துப்புரவு செய்து, முறை வைத்து, மிச்சம்பிடித்த நீரைக் கீழே அனுப்பத் தொடங்கினர். அடுத்த போகமும் அதற்கடுத்த போகமும் இதே ஆட்களோடுதான் காலம் தள்ள வேண்டும் என்ற நினைவு மனிதரைத் திருத்தும் என்பதற்கு இதைவிட அருகில் சான்று தேட வேண்டியதில்லை. 1984இல் அமெரிக்க அறிஞர் ரொபேர்ட் அக்செல்ரொட், கணினி நிரல்களை ஒன்றோடொன்று மோதவிட்ட போட்டிகளை வைத்துக் காட்டியதும் இதைத்தான். மீண்டும் மீண்டும் சந்திக்கப் போகிறவர்களிடையே, நன்மைக்கு நன்மையும் துரோகத்துக்குத் துரோகமும் திருப்பிச் செய்யும் எளிய முறை ஒத்துழைப்பைத் தாங்கிப் பிடிக்கும். ஆனால் இந்த ஒப்புமையை அளவுக்கு மீறி நீட்டக்கூடாது, அதுவும் ஒரு தவறுதான். ஒரு போகம் பொய்த்தால் விவசாயி கடன்பட்டாவது அடுத்த போகத்துக்கு வந்துவிடுவார். ஒரு முறை ஏமாந்தால் அடுத்த முறை என்பதே இராது என்று அஞ்சும் அரசு, அந்தப் பொறுமையைக் காட்டாது.

கோட்பாடுகளைக் கட்சிகள்போல் நடத்துவதும் பரவலாக இருக்கிறது. அதிகாரத்தையும் பாதுகாப்பையும் முதன்மைப்படுத்தும் யதார்த்தவாதம் ஒத்துழைப்பை மறுக்கிறது, பொது நலன்களையும் நிறுவனங்களையும் முதன்மைப்படுத்தும் தாராண்மைவாதம் ஏற்கிறது என்று இரண்டு நிரல் போட்டு எழுதினால் பரீட்சையில் புள்ளி கிடைக்கலாம், விளக்கம் கிடைக்காது. 1948இல் எழுதிய யதார்த்தவாதி ஹான்ஸ் மோர்கெந்தோ இராஜதந்திரத்தின் மூலம் விட்டுக்கொடுத்துச் சமாதானம் தேடுவதற்கு நீண்ட பகுதியை ஒதுக்கினார். படைக்கலன்கள் தற்காப்புக்கா தாக்குதலுக்கா என்று பிரித்தறிய முடிகிற நிலையில், பாதுகாப்புக்காக ஒருவர் செய்வது மற்றவரைப் பயமுறுத்தும் இக்கட்டிலிருந்து அரசுகள் வெளியே வரலாம் என்று ரொபேர்ட் ஜேர்விஸ் 1978இல் வாதிட்டார். யதார்த்தவாதிகள் உண்மையில் கேட்பது, இந்த உடன்பாட்டால் எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதோடு, எனக்கு எதிரே இருப்பவனுக்கு என்னைவிட எவ்வளவு கூடக் கிடைக்கும் என்பதையும் ஓர் அரசு கணக்கிடாதா என்ற கேள்வியையே. இன்று கணினிச் சில்லுகள் பற்றி வாஷிங்டனும் பெய்ஜிங்கும் நடத்தும் இழுபறியை இந்தக் கேள்வி இல்லாமல் விளக்க முடியாது. அதே சமயம், பிரித்தானியாவின் 500 அணுவாயுதங்களைவிட வடகொரியாவின் 5 அணுவாயுதங்கள் அமெரிக்காவுக்குப் பெரிய அச்சமாகத் தோன்றுவது ஏன் என்று அறிஞர் அலெக்சாண்டர் வென்ட் கேட்டாரே, அதற்கு ஆயுதக் கணக்கு மட்டும் பதில் சொல்லாது.

வர்த்தகம் வளர்ந்தால் போர் வராது என்ற தவறை மிகச் சுருக்கமாகவே சொல்லிக் கடக்கலாம். 1914க்கு முன் பிரித்தானியாவும் ஜேர்மனியும் ஒன்றுக்கொன்று முக்கிய வாடிக்கையாளர்கள், போர் வந்தது. இதற்குப் பிரித்தானிய எழுத்தாளர் நோர்மன் ஏஞ்சலைப் பழிசொல்வது இரண்டாவது பிழை. போர் நடக்காது என்று அவர் சொல்லவில்லை, வென்றவனுக்கும் அது இலாபம் தராது என்றார். அதில் அவர் சொன்னது பலித்தது.

உச்சிமாநாடுகளையும் கூட்டறிக்கைகளையும் எண்ணி ஒத்துழைப்பை அளப்பது வேறொரு மயக்கம். 1928இல் பாரிசில் போரைக் கைவிடுவதாக ஒப்பமிட்ட முதல் 15 நாடுகளில் ஜேர்மனியும் இத்தாலியும் ஜப்பானும் இருந்தன. 1931இல் ஜப்பான் மஞ்சூரியாவுக்குள் புகுந்தது. நமக்கு நெருக்கமான சான்றும் உண்டு. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று இலங்கை முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1971இல் ஏற்றது. அதற்கென அமைந்த குழுவிலிருந்து அமெரிக்காவும் பிரித்தானியாவும் பிரான்சும் 1989இல் விலகிக்கொண்டன. அந்த முயற்சியின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் தத்தம் கப்பல்களை மட்டுப்படுத்த வேண்டிய அரசுகளுக்கு அதில் நலன் இருக்கவில்லை. இவற்றுக்கு எதிரே, ரீகனும் கோர்பச்சேவும் 1987 டிசம்பரில் ஒப்பமிட்ட நடுத்தர வீச்சு ஏவுகணை உடன்படிக்கையை வைத்துப் பாருங்கள். 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன, ஒருவர் நாட்டுத் தொழிற்சாலை வாசலில் மற்றவரின் பரிசோதகர்கள் ஆண்டுக்கணக்கில் நின்றார்கள். எதை எண்ணலாம், யார் எண்ணலாம், மீறினால் என்ன என்ற மூன்றும் எழுதப்பட்டிருந்த அந்த உடன்படிக்கைகூட 2019இல் முடிவுக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஓர் அரசை ஒரே மனிதராகப் பேசுவதும் நம்மை வழிதவற வைக்கும். ஈரான் அணுத்திட்டம் பற்றிய 2015ஆம் ஆண்டு உடன்பாட்டில் பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளும் ஜேர்மனியும் ஒன்றாக நின்றன. 2018இல் அமெரிக்கா விலகியது. இடையில் வாஷிங்டனில் ஆட்சி மாறியிருந்தது.

இனி, எங்கள் கரையோடு சம்பந்தப்பட்ட தவறு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய நாட்களில் நாவலடியிலும் கல்லடியிலும், தெற்கே கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வரையும் நடந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். கூடாரத் துணியில் ஒரு நாட்டின் பெயர் இருக்கும், தண்ணீர்த் தாங்கியில் இன்னொரு நாட்டின் பெயர் இருக்கும், உப்பேறிய கிணற்றை இறைத்துக்கொண்டிருந்த இயந்திரத்தில் வேறொரு நாட்டின் கொடி ஒட்டியிருக்கும். இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அந்த அழிவுக்கு மூன்று நாட்களுக்குள் அமெரிக்கா, இந்தியா, ஜப்பான், அவுஸ்திரேலியா ஆகிய நான்கும் நிவாரணத்தை ஒருங்கிணைக்க ஒரு குழுவை அமைத்து, ஜனவரி முதல் வாரத்தில் பொறுப்பை ஐக்கிய நாடுகள் சபையிடம் விட்டுக் கலைந்தன. 2007இல் அதே நான்கு நாடுகள் பாதுகாப்பு விடயங்களைப் பேசக் கூடின. சீனா விளக்கம் கேட்டது. அடுத்த ஆண்டு அவுஸ்திரேலியா பின்வாங்கியதோடு அது ஓய்ந்து, 2017இல் மீண்டும் எழுந்தது. இன்று குவாட் என்று செய்திகளில் அடிபடுவது இதுதான். ஒத்துழைப்பு எப்போதும் எல்லாரையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் என்று நம்புவோர் இந்தப் பாதையை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சிலர் சேர்வது, வெளியே நிற்பவருக்கு எதிரான அணியாகத் தோன்றலாம், சில வேளை அப்படியே ஆகியும் விடலாம். மறுபுறம், இதை வைத்துச் சீனாவும் இந்தியாவும் கடலில் எங்குமே சேர மாட்டா என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. சோமாலியக் கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்க, சீன, இந்திய, ஜப்பானியக் கடற்படைகள் ஏடன் வளைகுடாவில் தம் காவல் பயண நேரங்களை ஒன்றோடொன்று பொருத்திக்கொண்டன. ஒத்துழைப்பு நாடுகளின் சோடியைப் பொறுத்து அமைவதைவிட, விடயத்தைப் பொறுத்தே அதிகம் அமைகிறது.

கடைசியாக, வல்லரசுகள் ஒன்றுபட்டால் சிறிய நாடுகளுக்கு நல்லது என்ற எண்ணமும், அவை பிளவுபட்டிருந்தால்தான் நமக்கு இலாபம் என்ற எண்ணமும். இரண்டையும் நம் மண்ணில் படித்தவர்களே ஒரே மூச்சில் சொல்லக் கேட்டிருக்கிறேன். 1938இல் மியூனிக்கில் பிரித்தானியா, பிரான்சு, இத்தாலி, ஜேர்மனி நான்கும் இணக்கம் கண்டன. துண்டாடப்பட்ட செக்கோஸ்லோவாக்கியா பேச்சுவார்த்தை மேசையில் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜேர்மனியும் சோவியத் யூனியனும் உடன்பட்டபோது போலந்து பங்குபோடப்பட்டது. ஆனால் வல்லரசுகள் இணங்காதபோது என்ன விலை என்பதை நாங்கள் 2022இல் மண்ணெண்ணெய் வரிசையில் நின்று கற்றோம். வள்ளத்தைக் கரையில் இழுத்துவிட்டு, வெற்றுக் கலனோடு விடியும்வரை காத்திருந்த மீனவர்களை நான் கண்டேன். நெருக்கடியின் காரணங்கள் பெரும்பாலும் உள்நாட்டில் இருந்தன. ஆனால் அதிலிருந்து மீளும் வேகத்தைப் பிறர் இணக்கமும் தீர்மானித்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. செப்டம்பரில் சர்வதேச நாணய நிதியத்துடன் அலுவலர் மட்ட உடன்பாடு வந்தது. கடன் கொடுத்த நாடுகள் கடனை மறுசீரமைக்க உறுதிமொழி தராமல் நிதியத்தின் சபை அங்கீகரிக்காது. இந்தியா 2023 ஜனவரியிலும் சீனா மார்ச்சிலும் உறுதி தந்த பின்னரே, மார்ச் 20இல் சுமார் 300 கோடி டொலர் திட்டம் அங்கீகாரம் பெற்றது. பின்னர் இந்தியா, ஜப்பான், பிரான்சு ஆகியவற்றின் இணைத்தலைமையில் கடன்வழங்கு நாடுகளின் குழு அமைந்தபோது சீனா அதில் உறுப்பினராகச் சேரவில்லை. ஆகவே 2024 ஜூன் 26இல் இலங்கை ஒரே நாளில் இரண்டு இடங்களில் கடன் மறுசீரமைப்புக்கு ஒப்பமிட்டது: 580 கோடி டொலருக்குப் பாரிசில் அந்தக் குழுவோடு, 420 கோடி டொலருக்குப் பெய்ஜிங்கில் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியோடு. இந்த இரண்டு மேசைகளையும் பற்றி வகுப்பில் கேட்கும்போது, இது ஒத்துழைப்பா இல்லையா என்று ஒரே சொல்லில் பதில் எழுத வேண்டாம் என்கிறேன். எந்த மேசையில் யார் இருந்தார்கள், யார் வரவில்லை, வராதவர் ஏன் தனியே பேச விரும்பினார், அந்த இடைக்காலத்தில் காத்திருந்தவர் யார் என்று வரிசையாக எழுதச் சொல்கிறேன்.