கோழிக்கூண்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதலில் அந்த வலை

கோழி வளர்ப்பில் புதிதாக இறங்கிய நண்பர் ஒருவர் தன் கூண்டைப் பார்க்கக் கூப்பிட்டார். மரச்சட்டம், தகரக் கூரை, கோழிகள் ஏறி உட்காரக் கழி என எல்லாமே நேர்த்தி. ஆனால் சுற்றிலும் பளபளவென்று அறுகோணக் கண் வலை. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. நான் முதன்முதலில் கட்டிய கூண்டும் அச்சு அசலாக இதேதான். கதவைச் சாத்த மறக்காதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

கோழி வலையை நம்புவது

'கோழி வலை' என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. மெல்லிய கம்பியை முறுக்கிப் பின்னிய அந்த வலை, கோழி வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளும். வெளியே நிற்பதைத் தடுக்கிற வலு அதற்கு இல்லை. நாய் கடித்து இழுத்தால் முறுக்கு பிரிந்துவிடும். மண்ணைத் தொடுகிற ஓரம் துருவேறி, கொஞ்ச நாளில் கையால் தொட்டாலே உதிரும்.

கிழியாவிட்டாலும் ஆபத்துதான். ஒரு நாள் விடியற்காலையில் கூண்டைத் திறந்தால், முட்டைக்கு வரும் பருவத்தில் இருந்த மூன்று பெட்டைகள் தலையில்லாமல் கிடந்தன. வலையில் ஓர் ஓட்டைகூட இல்லை, தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. எப்படி என்றே புரியவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் கழியை ஒட்டிய வலைக்கண்களில் ரத்தம் உறைந்து, கழுத்து இறகுகள் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. கழியை வலையோரமாகவே போட்டிருந்தேன். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. வெளியே எதுவோ சுற்றிவர, மிரண்டு வலையில் மோதியிருக்கின்றன. ஒன்றரை அங்குலக் கண்ணுக்குள் கையை விட்டுத் தலையைப் பிடித்து இழுக்க மரநாய்க்கு எவ்வளவு நேரமாகும்? அந்த இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. இத்தனை வருடம் கழித்தும் புதிய கூண்டுகளில் அதே வலையைப் பார்த்தால் கோபம் வருகிறது.

போட வேண்டியது அரை அங்குலச் சதுரக் கண் உள்ள, பற்றவைத்த கம்பி வலை. அதை ஸ்டேப்பிள் அடித்து நிறுத்தாதீர்கள், ஓங்கி இழுத்தால் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வரும். அகலமான வாஷர் வைத்துத் திருகாணி போடுங்கள். அடியில் வலையை வெளிப்பக்கமாக மடித்து, ஒன்றரை அடி அகலத்துக்குத் தரையில் படரவிட்டு, மேலே மண்ணும் கல்லும் போட்டு மூடுங்கள். தோண்டுகிற விலங்கு பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் தோண்டும். வலை தட்டினால், பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை.

செலவு கூடுதல்தான். அதனால் இரவில் அடையும் கூண்டுக்கு மட்டுமாவது இதைப் போடுங்கள். பகலில் கண் பார்வையில் மேய்கிற அடைப்புக்குப் பழைய வலையே இருந்துவிட்டுப் போகட்டும்.

வெறும் கொக்கி

போதாது. சில விலங்குகள் தட்டித் தட்டியே திறந்துவிடும். கூடவே ஒரு பூட்டு.

கொன்றது எது என்று பார்க்காமல் பழி போடுவது

எது போனாலும் கீரி என்பார்கள். கீரி பகலில் நடமாடுவது. நடுராத்திரி வந்தது பெரும்பாலும் வேறு ஏதோ ஒன்று. தடயத்தைப் பாருங்கள். நிறைய கோழிகள் குதறப்பட்டு, தின்னப்படாமல் அங்கங்கே கிடந்தால் முதலில் நாயைச் சந்தேகியுங்கள். திறந்த வெளியில் பகலில் ஓரிடத்தில் மட்டும் இறகுக் குவியல் கிடந்தால் பருந்து, வல்லூறு போன்றவையாக இருக்கலாம். ஓடுகூட மிஞ்சாமல் முட்டை காணாமல் போனால் பாம்பு வந்ததா என்று பாருங்கள். ஆளைத் தெரிந்துகொண்டால்தான் அடைக்க வேண்டிய வழி தெரியும்.

ராத்திரி தீவனத்தை உள்ளேயே விடுவது

தீவனத்துக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

எலி மருந்து

வேண்டவே வேண்டாம். செத்த எலியைக் கோழி கொத்தும்.

ஒரு தாக்குதலோடு முடிந்தது என்று நினைப்பது

ருசி கண்ட பூனை என்பார்களே, அதேதான். ஒருமுறை இரை கிடைத்த இடத்துக்கு அது மறுநாளே திரும்பி வரும். நாளைக்குச் சரிசெய்யலாம் என்று விட்டதில்தான் மீதியையும் இழந்தவர்கள் அதிகம். அன்று இரவே மிச்சக் கோழிகளைப் பெட்டியிலோ பஞ்சாரத்திலோ போட்டு வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். அப்புறம் இருட்டியதும் நீங்கள் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரை டார்ச் அடித்தபடி வெளியே மெல்லச் சுற்றிவரச் சொல்லுங்கள். பகலில் கண்ணுக்குப் படாத இடுக்கெல்லாம் வெளிச்சம் கசிந்து காட்டிக்கொடுக்கும். கூரையும் சட்டமும் சேருகிற மூலையை இரண்டு தடவை பாருங்கள்.

நண்பர் கூண்டில் அந்த மூலையில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. அன்று மாலையே அதை அடைத்து, கழியைக் கூண்டின் நடுவுக்கு மாற்றினோம். வலையை இந்த வாரம் மாற்றுகிறார். அதுவரை கோழிகள் வீட்டுத் திண்ணையில், பஞ்சாரத்துக்குள்.