தோபா ஏரிமேல் பறக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோல குபு பாருவில், துணிச் சிறகில் தொங்கிப் பறக்கும் பாராகிளைடிங் பழகியதும் நம் பையன்கள் அடுத்து விசாரிப்பது தோபா ஏரியைப் பற்றித்தான். பக்கத்தில் சுமத்ராதானே, சரி, போய் வாருங்கள். ஆனால் இங்கே செம்பனைக்கு மேலே பறந்து கற்ற கணக்கை அங்கே போட்டால் தப்பாகிவிடும்.

வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிப்பது தோட்டத்துப் பழக்கம். அதே நினைப்பில் விடிந்ததும் மலை விளிம்பில் போய் நிற்பதுதான் முதல் தவறு. இரவில் குளிர்ந்த காற்று அந்நேரம் இன்னும் சரிவில் ஏரியை நோக்கி வழிந்துகொண்டிருக்கும், அதாவது உங்கள் முதுகுப்பக்கமிருந்து வரும். சரிவு சூடாகி, ஏரியிலிருந்து காற்று மேலேறி முகத்தில் படும்வரை பொறுங்கள். அதற்காக மத்தியானம்வரை படுத்துத் தூங்கிவிடவும் கூடாது, பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் மழைமேகம் மளமளவென்று கட்டிவிடும். அடிப்பக்கம் கறுத்த மேகத்துக்குக் கீழே சும்மா இருந்தாலே உயரம் கூடுகிறதே என்று குஷிப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உங்களை உள்ளே இழுக்கிறது ஐயா, உடனே விலகுங்கள்.

தோபா சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்து உள்வாங்கிய குழி. தண்ணீர் மட்டமே கடலுக்கு மேல் 900 மீட்டர், பறக்கும் இடமான ஹூத்தா கிஞ்சாங் 1,500 மீட்டருக்கும் மேலே. சுற்றிலும் சுவர்போல மலை இருப்பதால் எந்தத் திசைக் காற்றும் ஒரு விளிம்பைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும், தாண்டியதும் மறைவுப் பக்கத்தில் சுருண்டு புரளும். ஆகவே கிளம்பும் இடத்தில் காற்றின் திசை காட்டும் காற்றுப்பையை மட்டும் நம்பாதீர்கள், கீழே ஏரியையும் பாருங்கள். அலைமுகட்டில் வெள்ளை நுரை பரவலாகத் தெரிந்தால் காற்று மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது, புதியவர்கள் விங்கை, அதாவது அந்தத் துணிச் சிறகை, மடித்துவிட்டு மீன் சாப்பிடப் போகலாம்.

அந்த உயரத்தில் காற்றும் மெலிசு, நம் ஊரைவிட ஏறக்குறைய 14 விழுக்காடு. கிளம்பும்போது 7, 8 விழுக்காடு கூடுதல் வேகத்தில் ஓடியாக வேண்டும்.

படத்துக்காக ஏரி நடுப்பக்கம் போவது இன்னொரு வினை. பகலில் தண்ணீர் கரையைவிடக் குளிர்ச்சி, தூக்கிவிட அங்கே தெர்மல், அதாவது மேலேறும் சூடான காற்று, கிடையாது. 600 மீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு சாதாரண விங்கில் அசையாத காற்றில் 5 கிலோமீட்டர்போலத்தான் போகலாம், அதில் திரும்பி வரும் தூரமும் அடக்கம்.

தண்ணீர்தானே, விழுந்தால் வலிக்காது என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான எண்ணம். நீங்கள் உட்கார்ந்து பறக்கும் பட்டை இருக்கையான ஹார்னஸின் முதுகுப் பஞ்சு மிதக்கும், மிதந்து உங்கள் முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கும், விங்கின் கயிறுகள் காலைச் சுற்றும். மிதவைச் சட்டை போடாமல் கிளம்பவே வேண்டாம். ஏரியில்தான் இறங்க வேண்டும் என்றாகிவிட்டால் நெஞ்சுப் பட்டையை முன்கூட்டியே கழற்றுங்கள், கால் பட்டைகளைத் தண்ணீர் தொட்ட பிறகு. சலனமில்லாத நீருக்கு மேலே உயரம் கண்ணுக்குப் பிடிபடாது, இரண்டு மீட்டர் என்று நினைத்துக் குதித்தால் பத்தாக இருக்கும். கரையிலுள்ள படகுக்காரர் ஒருவரிடம் பறக்கும் நேரத்தைச் சொல்லி, அவர் கைப்பேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு மேலே ஏறுங்கள்.