நீல டைக்கரைப் பார்ப்பது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

போன வாரம் தங்கை மகன் கேட்டான்: "மாமா, டர்பனிலேயே பிறந்து வளர்ந்தும் நீல டைக்கர் என்கிற அந்தக் குட்டி மானை நான் பார்த்ததே இல்லையே?" அவனுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். நீல டைக்கரை சுளு மொழியில் இபிதி என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் மிகச் சிறிய மறிமான் இதுதான். உயரம் 30 முதல் 35 செ.மீ., எடை 4, 5 கிலோ. பெயரை நம்பி நீலத்தைத் தேடாதீர்கள். சாம்பல் ஓடிய பழுப்பு நிறம்தான். காய்ந்த சருகோடு சருகாக நிற்கும்.

அடுத்து இடம். கிரான்ஸ்க்ளூஃப், ஒரிபி கோர்ஜ் ஆகிய இரண்டு இயற்கைக் காப்பகங்களிலும் உண்டு. அடர்ந்த காட்டுக்குள்தான் இருக்கும், புல்வெளிப் பக்கம் போகாதீர்கள். பகலில் நடமாடும் பிராணி. விடிகாலையும் மாலையும் நல்ல நேரம்.

இனிதான் முக்கியமான படி: நடக்காதீர்கள், உட்காருங்கள். நீங்கள் நடந்தால் அது உங்களை முதலில் கேட்டுவிடும், அப்புறம் புதருக்குள் மறைந்துவிடும். எங்கே உட்காருவது? மேலே குரங்குகள் தின்கிற அத்தி மரமாகப் பாருங்கள். அவை சிந்தும் பழத்தையும் இலையையும் பொறுக்கத்தான் டைக்கர் கீழே வரும். தரையில் ஆட்டுப் புழுக்கையைவிடச் சின்னதாகப் புழுக்கை கிடந்தால் இடம் சரி. தினமும் ஒரே ஒற்றையடிப் பாதையில் போய்வரும் பழக்கம் அதற்கு உண்டு. அந்தப் பாதையை மறிக்காமல் பத்தடி தள்ளி உட்காருங்கள். அரை மணி நேரமாவது அசையக்கூடாது.

கண்ணுக்கு முதலில் படுவது உடம்பு அல்ல, வால். அடியில் வெள்ளை முடி. வாலை ஓயாமல் ஆட்டுவதால் இருட்டில் யாரோ தீக்குச்சி கிழித்துக் கிழித்து அணைப்பதுபோல மினுங்கும். அதைப் பிடித்துவிட்டால் காதும் மூக்கும் தானாகத் தெரிந்துவிடும்.

வழியில் கம்பிக் கண்ணி கண்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு காப்பகக் காவலரிடம் சொல்லுங்கள். இந்தச் சின்ன உயிருக்குக் கிரீடக் கழுகைவிட அந்தக் கம்பிதான் எனக்குப் பயம். நாயைக் கூட்டிவரவே வேண்டாம். வீட்டுக்குப் போனதும் காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்று வந்து மேய்ந்துவிட்டுப் போனதும் எழுந்துவிடாதீர்கள். இவை ஜோடியாக வாழ்பவை. இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள், இணையும் அதே பாதையில் வரக்கூடும்.