பென்டிரைவில் எழுதி முடிந்ததா? கணினி உண்மையைச் சொல்லும்படி அமைப்பது எப்படி

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலோ பினாங்கின் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவிலோ கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் ஸ்டூடியோக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். நகலெடுக்கும் பட்டை 100 விழுக்காட்டைத் தொட்டிருக்கும். வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்ச் செருகினால் கோப்பின் பெயர் இருக்கும், அளவும் சரியாக இருக்கும், படம் மட்டும் ஓடாது.

நகலெடுக்கும்போது தரவு முதலில் கணினியின் தற்காலிக நினைவகமான ராமில்தான் தங்குகிறது. பிறகுதான் அது மெதுவாகப் பென்டிரைவுக்குப் போகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் வழக்கமான அமைப்பு, கிடைக்கும் ராமில் 20 விழுக்காடு வரை இப்படிக் காத்திருக்க விடும். 16 ஜிபி ராம் என்றால் ஏறக்குறைய 3 ஜிபி. விநாடிக்கு 10 எம்பி எழுதும் மலிவான பென்டிரைவுக்கு அது 5 நிமிட வேலை. ராமின் அளவைப் பார்த்து வரம்பு வைப்பதே தவறு. செருகிய டிரைவின் வேகத்தைப் பார்த்து, சில விநாடிகளில் எழுதி முடிக்கக்கூடிய அளவைத்தான் இயங்குதளம் தேக்க வேண்டும்.

அதை நாமே செய்துகொள்ளலாம். லினக்ஸில் ரூட் (நிர்வாகி) உரிமையுடன், விஎம் எனும் நினைவக அமைப்புகளில் 'டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்' (பின்னணியில் எழுதத் தொடங்கும் அளவு) மதிப்பை 16777216 (16 எம்பி) என்றும், 'டர்ட்டி பைட்ஸ்' (ராமில் தேங்கக்கூடிய உச்ச அளவு) மதிப்பை 50331648 (48 எம்பி) என்றும் வையுங்கள். பட்டை இனி பென்டிரைவின் உண்மை வேகத்திலேயே நகரும். இது எல்லா டிரைவுக்கும் பொருந்துவதால் உள் டிரைவில் பெரிய கோப்புகளை எழுதும் வேகம் கொஞ்சம் குறையலாம். நகலெடுக்கும் கணினிக்கு அது ஏற்கத்தக்க விலை.

ராமில் தேக்காமல் உடனுக்குடன் எழுதும் 'சிங்க்' முறையில் டிரைவை மவுண்ட் செய்தால் (கணினியுடன் இணைத்தால்) போதுமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். ஒவ்வொரு சிறு துண்டுக்கும், கோப்புகள் டிரைவில் எங்கே உள்ளன என்று குறிக்கும் ஃபேட் அட்டவணை திரும்பத் திரும்ப எழுதப்படும். வேகம் படுத்துவிடும், ஃபிளாஷ் சில்லும் தேயும். ஃபேட்32 முறையில் வடிவமைத்த டிரைவுக்கு, தேங்கிய தரவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுதும் 'ஃப்ளஷ்' மவுண்ட் விருப்பம் நல்ல நடுவழி.

விண்டோஸ் 10-இல் 2018 அக்டோபரில் வந்த 1809 பதிப்பு முதல், எழுதுவதைத் தேக்கி வைக்காத 'குவிக் ரிமூவல்' தானாகவே இயங்குகிறது. சரிபார்க்க: டிவைஸ் மேனேஜர், டிஸ்க் டிரைவ்ஸ், உங்கள் டிரைவின் ப்ராப்பர்ட்டீஸ், அதில் பாலிசீஸ். வேகத்துக்காகத் தரவைத் தேக்கும் 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' தேர்வாகியிருந்தால், எஜெக்ட் செய்யாமல் ஒருபோதும் பிடுங்காதீர்கள். குவிக் ரிமூவல் இருந்தாலும் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் பிடுங்கினால் தரவு போகும். பென்டிரைவ்களில் வழக்கமான ஃபேட்32, எக்ஸ்ஃபேட் கோப்பு முறைகள் இரண்டிலும் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்து வைக்கும் பதிவேடு) இல்லை. பாதியில் நின்ற அட்டவணையைத் திருத்த வழி குறைவு. மேக்கில் எப்போதும் எஜெக்ட் செய்யுங்கள்.

டிரைவின் விளக்கு அணைந்ததை நம்பாதீர்கள். லினக்ஸில் மாறிய தரவு 30 விநாடி வரை ராமில் சும்மா காத்திருக்கலாம்; அப்போதும் விளக்கு அணைந்தே இருக்கும். தேங்கிய தரவை எழுதி முடிக்கச் சொல்லும் 'சிங்க்' கட்டளை முடிந்து திரும்பும்வரை பொறுத்து, பிறகு அன்மவுண்ட் செய்யுங்கள் (டிரைவை விடுவியுங்கள்).

எஜெக்ட் மறுத்தால், அந்த டிரைவைத் திறந்து வைத்திருக்கும் வீடியோ பிளேயரையும் ஃபோல்டர் ஜன்னலையும் மூடிப் பாருங்கள். வைரஸ் சோதனை ஓடினாலும் இப்படி ஆகும். அப்போதும் விடாவிட்டால் கணினியை ஷட்டவுன் செய்த பிறகே கழற்றுங்கள்.

கொடுப்பதற்கு முன், நகலின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மூலக் கோப்பின் மதிப்புடன் ஒப்பிடுங்கள். ஆனால் டிரைவை ஒருமுறை கழற்றி மீண்டும் செருகிய பிறகே ஒப்பிட வேண்டும். இல்லையென்றால் கணினி ராமில் உள்ள நகலையே படித்து, டிரைவில் பழுது இருந்தாலும் சரி என்று சொல்லிவிடும்.