குழந்தைகள் நலக் குழுவுக்குச் சமூக விசாரணை அறிக்கை எழுதும் முறை

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை வீட்டிலேயே இருக்கலாமா, குழந்தைகள் இல்லத்துக்குப் போக வேண்டுமா என்பதைக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் முடிவு செய்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள். சமூகப் பணியாளராகிய நீங்கள் நிரப்பும் சமூக விசாரணை அறிக்கையான படிவம் 22 வழியாகத்தான் அதைப் பார்க்கிறார்கள்.

முதலில் கெடு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 31-ஆம் பிரிவுப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தையைக் குழு முன் நிறுத்த வேண்டும். சமூக விசாரணைக்கு 36-ஆம் பிரிவு தருவது 15 நாள். முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போய்விடுங்கள். கடைசி நாளில் போனால், கதவு பூட்டியிருந்தால் மறுபடி போக நாள் இருக்காது. அப்போதுதான் 'அக்கம்பக்கத்தார் கூறியபடி' என்று அறிக்கையை ஒப்பேற்றும் பழக்கம் வருகிறது.

அக்கம்பக்கத்தில் விசாரிக்கும்போது என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடாதீர்கள். 74-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளம் ஊடகத்தில் வருவதைத் தடுக்கிறது. ஆனால் தெருவில் பரவும் பேச்சும் அதே அளவு கெடுதல் செய்யும்.

குழந்தையிடம் பெற்றோர் இல்லாத இடத்தில், தரையிலோ நாற்காலியிலோ அதன் கண்மட்டத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "அப்பா அடிச்சாரா?" என்று கேட்டால் பதிலை நீங்களே ஊட்டுகிறீர்கள். "நேத்து ராத்திரி வீட்ல என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். 'உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரிவித்தார்' என்று அலுவலகத் தமிழாக்க வேண்டாம். பாலியல் தொல்லை பற்றி வாய் திறந்தால் துருவிக் கேட்பதை நிறுத்திவிட்டு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவியுங்கள். ஒரே கதையை நாலு பேரிடம் சொல்ல வைப்பது குழந்தையையும் வாட்டும், சாட்சியத்தையும் கெடுக்கும்.

எழுதும்போது அதிகம் சறுக்குவது தீர்ப்புச் சொற்களில். 'தாய் பொறுப்பற்றவர்' என்பது உங்கள் கருத்து. 'காலை 10 மணிக்குப் போனபோது 4 வயதுக் குழந்தை தனியாக இருந்தது. தாய் கட்டட வேலைக்குப் போயிருந்தார். அங்கன்வாடியில் பெயர் பதியவில்லை' என்பது தகவல். இரண்டாவதைப் படிக்கும் குழுவுக்கு அங்கன்வாடியில் சேர்த்தால் போதுமே என்ற யோசனை வரும். முதலாவதைப் படித்தால் இல்லம்தான் நினைவுக்கு வரும்.

மனித உரிமைச் சட்டம் இந்த வேலைக்குள் வருவது இங்கேதான். ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பர் 11-இல் ஏற்றது. அதன் 9-ஆம் உறுப்பு, குழந்தையின் நலனுக்கு அவசியமானால் ஒழிய பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. வறுமை மட்டுமே பிரிப்பதற்குக் காரணமாகாது என்று 2009-ஆம் ஆண்டு ஐ.நா. மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஆனால் அறிக்கையில் உடன்படிக்கையை மேற்கோள் காட்டி அலங்கரிக்கத் தேவையில்லை. இல்லம் கடைசி வழியே என்ற கோட்பாடு நம் இளைஞர் நீதிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. குழுவைக் கட்டுப்படுத்துவதும் அதுதான். அதைக் குறிப்பிட்டு, என்னென்ன மாற்று வழிகளைப் பார்த்தீர்கள், ஏன் சரிவரவில்லை என்று எழுதுங்கள்: பாட்டி வீடு, சித்தி வீடு, மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு. இந்தப் பகுதி காலியாக இருந்தால் உங்கள் பரிந்துரைக்குக் காலில்லை.

குழந்தையின் விருப்பத்துக்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள். "அம்மாகிட்ட போகணும்" என்று சொல்லியும் நீங்கள் வேறு பரிந்துரைத்தால், இரண்டையும் எழுதிக் காரணத்தையும் சொல்லுங்கள். விருப்பத்தை மறைத்த அறிக்கை மேல்முறையீட்டில் எளிதாக அடிபடும்.

இல்லத்தைப் பரிந்துரைத்தால் எவ்வளவு காலம், எந்தத் தேதியில் மறுபரிசீலனை, அதற்குள் வீட்டில் என்ன மாற வேண்டும் என்பதையும் சேருங்கள். தேதி போடாத 'தற்காலிகம்' பள்ளிப் படிப்பு முடியும்வரை நீள்வதுண்டு. ஆணை வந்ததும் பெற்றோருக்கு நகல் கிடைத்ததா என்று பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 101-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்குத் தருவது 30 நாள்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அதை வாசித்துச் சொல்லி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே இருக்கிறது என்பதையும் காட்டிவிடுங்கள்.